கப், சுண்டு, இறாத்தல், கிராம்: அளவு மாற்றிச் சமைக்கத் தொடங்குவோருக்கு

கனடாவில் இருக்கும் மாமி வாட்ஸ்அப்பில் அனுப்பும் கேக் செய்முறை கப் கணக்கில் வரும். அவுஸ்திரேலியாவில் இருக்கும் மச்சாள் அனுப்புவதும் கப் கணக்குத்தான், ஆனால் அங்கே மேசைக்கரண்டி வேறு. அம்மம்மாவின் பழைய கொப்பியைத் திறந்தால் இறாத்தலும் அவுன்ஸும். அம்மாவைக் கேட்டால், "ஒரு சுண்டு போடு, பிறகு பதம் பார்த்துக் கூட்டு" என்பார். திருகோணமலைக் கடையில் சாமான் வாங்கப் போனால் எல்லாம் கிலோவும் கிராமும். இவ்வளவையும் ஒரே அடுப்படியில் வைத்துக்கொண்டு கேக், பிஸ்கட், பாண் என்று இறங்கியபோது பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. இணையத்து அட்டவணைகளைப் பார்த்தால் ஒரு கப் கோதுமை மாவுக்கு ஒன்று 120 கிராம் என்கிறது, இன்னொன்று 150 என்கிறது. இரண்டும் பொய்யில்லை என்பதுதான் வேடிக்கை. புதிதாகத் தொடங்கும் நீங்கள் அந்தச் சுற்றுக்குள் போய் மாட்ட வேண்டாம் என்றுதான் படிப்படியாக எழுதுகிறேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குழம்பு, சொதி, சம்பல், சுண்டல் செய்பவர்களுக்கு இது ஒன்றும் தேவையில்லை. உப்புக் குறைந்தால் போடலாம், புளி கூடினால் தேங்காய்ப்பால் விடலாம். ஓவனுக்குள் போன கேக்கைத் திறந்து மா கூட்ட முடியாது. பேக்கிங், பாகு காய்ச்சும் பலகாரம், ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைப்பவை, இந்த மூன்றுக்கும்தான் அளவு பிசகக் கூடாது.

தேவையானவை: ஒரு டிஜிட்டல் தராசு, ஒரு நேரான கத்தி அல்லது அடிமட்டம், மருந்துக்கடையில் வாங்கிய 10 மி.லீ. சிரிஞ்ச் ஒன்று, ஒரு கொப்பி, அழியாத மார்க்கர் பேனை. ஒரு பின்னேரம் ஒதுக்கினால் 5ஆம் படிவரை முடித்துவிடலாம். நத்தாருக்கோ தீபாவளிக்கோ முதல்நாள் தொடங்காதீர்கள். வேலை இல்லாத ஒரு ஞாயிறு பாருங்கள்.

1. அந்தக் கப் எந்த நாட்டுக் கப்?

செய்முறை கையில் கிடைத்தவுடன் மாவைத் தேடி ஓடாமல், அது எங்கே எழுதப்பட்டது என்று பாருங்கள். அமெரிக்கக் கப் ஏறத்தாழ 237 மி.லீ. (அங்கே உணவுப் பக்கற்றுகளின் ஊட்டச்சத்து லேபிளில் அதை 240 என்று வைத்துக்கொள்கிறார்கள்.) அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடாவில் 250 மி.லீ. ஜப்பானில் 200. பழைய பிரித்தானியக் கப் அரைப் பைந்து, அதாவது 284 மி.லீ.

ரைஸ் குக்கருடன் வரும் பிளாஸ்ரிக் கப் இன்னொரு வில்லங்கம். அது பெரும்பாலும் 180 மி.லீ. தான், ஏறத்தாழ 150 கிராம் அரிசி கொள்ளும். வீட்டில் கண்ணுக்கு முன்னால் கிடக்கும் "கப்" அது என்பதால் நிறையப் பேர் அதாலேயே மாவும் சீனியும் அளக்கிறார்கள். அரிசிக்குத் தவிர வேறெதற்கும் அதை எடுக்காதீர்கள்.

எழுதியவர் நாட்டைச் சொல்லாவிட்டால் அடையாளம் பார்க்கலாம். ஓவன் சூடு 350 பாகை என்றிருந்தால் அது பரனைட், வட அமெரிக்காக்காரர். பட்டரை "ஒரு ஸ்ரிக்" என்று சொன்னால் அமெரிக்கர்தான், ஒரு ஸ்ரிக் 113 கிராம். 180 பாகையும் கப்பும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் அவுஸ்திரேலியப் பக்கம். இன்றைய பிரித்தானியச் செய்முறைகளில் தலையிடி இல்லை, அவர்கள் கிராமிலேயே எழுதிவிடுகிறார்கள். இந்தியத் தமிழ் யூரியூப் காணொளிகளில் சிலர் தொடக்கத்திலேயே "1 கப் = 250 மி.லீ." என்று திரையில் போடுவார்கள். போடாதவர்களிடம் அவர்கள் வீட்டு டம்ளர்தான் கப்.

அப்படியானால் அந்தக் காணொளியைத் தூக்கி எறிய வேண்டுமா? தேவையில்லை. எல்லாப் பொருளையும் ஒரே டம்ளரால் அளந்திருந்தால் உங்களுக்கு வேண்டியது விகிதம் மட்டுமே. உங்கள் வீட்டு டம்ளர் ஒன்றை எடுத்து அதே எண்ணிக்கையில் அளந்தால் போதும். ஆனால் நடுவே மூன்று முட்டை, ஒரு ரின் கட்டிப்பால், ஒரு பக்கற் ஈஸ்ட் என்று வந்தவுடன் விகிதம் உடைந்துவிடும். முட்டை உங்கள் டம்ளருக்கு ஏற்பச் சுருங்காது. அந்த இடத்தில்தான் மி.லீ. தெரிந்தாக வேண்டும்.

2. தராசு வாங்குதல்

திருகோணமலையில் மத்திய வீதி, பிரதான வீதிப் பக்கத்துப் பாத்திரக் கடைகளிலும் இலத்திரனியல் பொருட்கள் விற்கும் கடைகளிலும் சமையலறைத் தராசு கிடைக்கும். இணையத்திலும் ஓடர் செய்யலாம். சாதாரணமாக 2,000 ரூபாயிலிருந்து 3,500 ரூபாய்க்குள் முடியும், கடைக்குக் கடை மாறும். 5 கிலோவரை நிறுக்கக்கூடிய, 1 கிராம் துல்லியமுள்ள தராசு வீட்டுக்குப் போதும். சாதாரண ஏஏ பற்றரி போடும் தராசை வாங்குங்கள். வட்டப் பற்றரி போடுவது என்றால், அது தீர்ந்துபோகும் நாளில் கடைகடையாக ஏற வேண்டி வரும்.

வாங்கும்போதே கடையில் வைத்துச் சோதியுங்கள். 500 மி.லீ. தண்ணீர்ப் போத்தல் ஒன்றைத் திறக்காமல் வைத்தால் 500 கிராமுடன் போத்தலின் எடையும் சேர்ந்து காட்ட வேண்டும். அதைத் தட்டின் நடுவிலும் பிறகு ஓரத்திலும் வைத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் வேறு எண் வந்தால் அந்தத் தராசு வேண்டாம்.

தராசில் நீங்கள் பழக வேண்டிய பொத்தான் ரெயர். வெறும் பாத்திரத்தை வைத்து அதை அழுத்தினால் சுழியம் ஆகிவிடும், பிறகு மாவைப் போடலாம். மறுபடி அழுத்திச் சீனி போடலாம். ஒரே கோப்பையில் எல்லாம் முடிந்துவிடும், கழுவ அளவுக் கப் இருக்காது. தராசு வாங்கச் சொல்வதற்கு இந்தக் காரணம் ஒன்றே எனக்குப் போதும்.

பொறிகள் இருக்கின்றன. முதலாவது, தராசில் "மி.லீ." என்றொரு தெரிவு இருக்கும். அதைப் பார்த்து, மாவைப் போட்டால் கப் அளவைச் சொல்லிவிடும் என்று நினைக்கத் தோன்றும். அது தண்ணீருக்கான கணக்கு. சில தராசுகளில் பாலுக்கும் இருக்கும். மாவுக்கும் எண்ணெய்க்கும் அந்த எண் வெறும் பொய். அந்தப் பொத்தானை மறந்துவிடுங்கள். இரண்டாவது, ஓரிரு நிமிடம் சும்மா விட்டால் தராசு தானாக நிற்கும், நீங்கள் அழுத்திய ரெயரும் அதோடு போய்விடும். தொலைபேசி அடித்தால் போகட்டும், கலவையை முடித்துவிட்டு எடுங்கள். மூன்றாவது, மின்விசிறி. மேலே விசிறி சுழன்றால் எண் ஆடிக்கொண்டே இருக்கும். இந்த வெக்கையில் விசிறியை நிறுத்துவது கொடுமைதான், என்றாலும் நிறுக்கும்போது நிறுத்துங்கள். கடைசியாக, 3 கிராமுக்குக் கீழே இந்தத் தராசுகளை நம்ப வேண்டாம். சோடா, ஈஸ்ட், உப்பு எல்லாம் கரண்டியிலேயே இருக்கட்டும்.

3. உங்கள் பாத்திரங்களைத் தண்ணீரால் அளந்து வையுங்கள்

தண்ணீர் 1 மி.லீ. ஏறத்தாழ 1 கிராம். நம் ஊர்ச் சூட்டில் தண்ணீர் சற்று விரிந்திருக்கும், ஆனால் 250 மி.லீ. க்கு ஒரு கிராம்தான் குறையும். அது கணக்கில் வராது. ஆகவே எந்தப் பாத்திரத்தையும் தராசில் வைத்து, ரெயர் அழுத்தி, நீங்கள் வழக்கமாக நிரப்பும் மட்டம்வரை தண்ணீர் விட்டால், வரும் கிராம்தான் அதன் மி.லீ.

கடையில் வாங்கிய அளவுக் கப்பையும் இப்படிப் பாருங்கள். "1 கப்" என்று பொறித்திருக்கும், எத்தனை மி.லீ. என்று இருக்காது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பிளாஸ்ரிக் செட்டுகளில் அரைக் கப் இரண்டு சேர்ந்தால் ஒரு கப் ஆகாத செட்டும் உண்டு.

பிறகு அம்மாவின் சுண்டு. பல வீடுகளில் அது காலியான கட்டிப்பால் ரின். கம்பனிக்குக் கம்பனி ரின் சற்று மாறும், ஆகவே இணையத்தில் "ஒரு சுண்டு எத்தனை கிராம்" என்று தேடுவதில் பயனில்லை. உங்கள் வீட்டு ரின்னில் தண்ணீர் ஊற்றி நிறுத்துப் பாருங்கள். அரிசியை அம்மா தட்டையாக வழித்து அளக்கிறாரா, கும்பமாக அள்ளுகிறாரா என்றும் கவனியுங்கள். கும்பமாக அள்ளினால், அம்மாவையே அள்ளச் சொல்லி அப்படியே தராசில் கொட்டுங்கள். இரண்டு மூன்று முறை அள்ளச் சொல்லிச் சராசரி எடுத்தால் நல்லது. ("என்ன பிள்ளை, என்ரை கையை நிறுக்கிறியோ?" என்று ஏச்சு விழலாம்.)

கிடைத்த மி.லீ. ஐப் பாத்திரத்தின் அடியில் மார்க்கரால் எழுதுங்கள். கழுவக் கழுவ அழிந்தால் நெயில் பொலிஷால் எழுதலாம், அது நிற்கும்.

4. மாவை எப்படி அள்ளினார்கள்?

கப் எந்த நாட்டுக் கப் என்று பார்க்கச் சொன்னேன். ஆனால் உள்ளபடி பார்த்தால் 240க்கும் 250க்கும் உள்ள வித்தியாசம் நூற்றுக்கு 4 தான். மாவை அள்ளும் விதத்தால் வரும் வித்தியாசம் 20, 30 வரை போகும். கேக் கல்லாவதற்கும் பாண் இறுகுவதற்கும் பெரும்பாலும் காரணம் இதுதான், நாடு அல்ல.

இதை நீங்களே பாருங்கள். 250 மி.லீ. கப் ஒன்றை எடுங்கள். முதல் தடவை, மாவை வாளியில் ஒரு கரண்டியால் கிளறி இளக்கி, கரண்டி கரண்டியாகக் கப்பில் போட்டு, மேலே கத்தியின் முதுகால் வழித்துவிடுங்கள். 130 கிராம் அளவில் வரும். இரண்டாம் தடவை, கப்பையே மாவுக்குள் குத்தி அள்ளி வழியுங்கள். 150ஐத் தாண்டும். மூன்றாம் தடவை, அள்ளிய கப்பை மேசையில் தட்டித் தட்டி மேலும் நிரப்புங்கள். 165, 170 என்று ஏறும். மா அதே மா, கப் அதே கப். நான்கு கப் போடும் செய்முறையில் முதல் விதத்துக்கும் மூன்றாம் விதத்துக்கும் இடையே கிட்டத்தட்ட ஒரு கப் மா கூடிவிடுகிறது.

ஆகவே வெளிநாட்டுச் செய்முறை ஒன்றில் "ஒரு கப் மா" என்றால் நான் முதல் விதத்தையே எடுத்துக்கொள்கிறேன். பேக்கிங் புத்தகங்களில் எழுதுபவர்கள் அனேகமாக 120 முதல் 130 கிராமைத்தான் மனதில் வைத்திருப்பார்கள். காணொளி என்றால் அவர்கள் அள்ளுவதைக் கண்ணால் பாருங்கள். குத்தி அள்ளினால் 150 என்று எழுதிக்கொள்ளுங்கள். பாதியில் வேகத்தைக் கூட்டி ஓட்டிவிடாதீர்கள், அந்த மூன்று விநாடிதான் உங்களுக்குத் தேவை.

அரித்தல் இன்னொரு குழப்பம். "அரித்த மா ஒரு கப்" என்றால் அரிதட்டில் அரித்த பிறகு அளக்க வேண்டும். "ஒரு கப் மா, அரித்தது" என்றால் அளந்த பிறகு அரிக்க வேண்டும். கிராமில் நிறுத்தால் முன்னால் அரித்தாலும் பின்னால் அரித்தாலும் ஒன்றுதான், அந்தக் கவலையே இல்லை.

நம் ஊர்க் காலநிலையையும் சொல்ல வேண்டும். இலங்கையின் கோதுமை மாவில் பெரும்பகுதி சீனன்குடாவில், நம் வாசலிலேயே, பிறிமா ஆலையில் அரைபடுகிறது. பக்கத்தில் அரைபட்டது என்பதற்காக அது நம் வீட்டில் நல்லபடியாக இருந்துவிடாது. உப்புவெளி, டொக்யார்ட் வீதிப் பக்கம் கடற்காற்று படும் வீடுகளில், அதுவும் ஒக்ரோபரிலிருந்து ஜனவரிவரை மழைக்காலத்தில், திறந்து வைத்த மா ஈரம் வாங்கிக் கட்டி கட்டியாக நிற்கும். எடை கொஞ்சம்தான் கூடும், கப்பில் அடையும் விதம்தான் நிறைய மாறும். சீனியும் உப்பும் அப்படியே. கப்பால்தான் அளப்பேன் என்பவர்கள் வெயில் மாதத்தில் ஒருமுறையும் மழை மாதத்தில் ஒருமுறையும் அளந்து பார்க்க வேண்டும். நிறுப்பவர்கள் மூடி இறுக்கமான வாளி ஒன்றை வாங்கினால் போதும்.

5. 100 மி.லீ. அட்டவணை

எல்லாரும் "ஒரு கப் = இத்தனை கிராம்" என்று அட்டவணை போடுகிறார்கள். கப் மாறினால் அட்டவணையும் மாற வேண்டும். 100 மி.லீ. க்கு எத்தனை கிராம் என்று வைத்துக்கொண்டால் ஒரே அட்டவணை எல்லாக் கப்புக்கும், சுண்டுக்கும், பேணிக்கும் உதவும். இவை ஏறத்தாழ எண்கள்:

தண்ணீர் 100
பால் 103
தேங்காய் எண்ணெய், மற்ற எண்ணெய்கள் 92
பட்டர் 96
கட்டிப்பால் 130
தேன் 142
கோதுமை மா, கரண்டியால் போட்டு வழித்தது 52
சீனி 85
ஐசிங் சீனி, அரிக்காதது 50
ரவை 70
பச்சை அரிசி 83
மைசூர்ப் பருப்பு 82
முழு ஆடைப் பால்மா 54
கொக்கோத் தூள் 36
தூள் உப்பு 120
தேங்காய்ப்பூ, அமத்தாதது 35

தயிரும் தேங்காய்ப்பாலும் தண்ணீரை ஒட்டியே வரும். கந்தளாய்த் தயிர்ச் சட்டியிலிருந்து 200 மி.லீ. என்றால் 200 கிராம் என்று எடுங்கள், பிழை வராது. ஆனால் சட்டியோடு நிறுத்துவிட்டு அதைத் தயிரின் எடை என்று எண்ண வேண்டாம், மண்சட்டி கனம்.

அட்டவணையைப் பார்த்தவுடன் ஒன்று தெரியும்: கொக்கோவுக்கும் தேனுக்கும் இடையே நான்கு மடங்கு. "ஒரு கப் என்றால் 250 கிராம்தானே" என்று எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சொல்பவர்கள் உண்டு. அவர்களைக் கும்பிட்டுவிட்டு நகருங்கள்.

மாவகைகளுக்கு மட்டும் என் எண்ணை நம்பாமல் நீங்களே நிறுங்கள். மில்லில் புதிதாக அரைத்து வறுத்த சிவப்பரிசி மாவும் பக்கற்றில் வாங்கிய அரிசி மாவும் ஒரே கப்பில் வேறு வேறு எடை காட்டும். அவித்த கோதுமை மா அதைவிட மோசம்: அவித்து அரித்த பிறகு பொருமி நிற்கும், அவிக்கும்போது கொஞ்சம் தண்ணீரும் ஏறியிருக்கும். இடியப்பத்துக்கோ புட்டுக்கோ அளவு எழுதும்போது "அவிக்க முன்" அல்லது "அவித்து அரித்த பின்" என்று பக்கத்தில் ஒரு சொல் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அந்தக் கொப்பி உங்களுக்கே விளங்காது.

அட்டவணையை ஒரு மட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். தொலைபேசியில் வைத்தால் மாவுக் கையோடு திறக்க முடியாது.

6. கணக்கு

கப்பிலிருந்து கிராமுக்கு: மி.லீ. ஐ 100ஆல் வகுத்து, அட்டவணை எண்ணால் பெருக்குங்கள். அவுஸ்திரேலியச் செய்முறையில் 2 கப் மா என்றால் 500 மி.லீ. அதாவது 5 தடவை 52, 260 கிராம். அமெரிக்கச் செய்முறையில் ஒன்றரைக் கப் சீனி என்றால் 240 என்று வைத்து 360 மி.லீ. 3.6ஐ 85ஆல் பெருக்கினால் 306. நான் 305 என்று எழுதுவேன். ஒரு கிராம், இரண்டு கிராமுக்கு அழ வேண்டாம்.

கிராமிலிருந்து கப்புக்கு: கிராமை அட்டவணை எண்ணால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். 300 கிராம் சீனி என்றால் 353 மி.லீ. 250 மி.லீ. கப்பில் ஒன்றும், மேலே 100 மி.லீ. யும். தராசின் பற்றரி செத்துக் கடையும் பூட்டியிருக்கும் இரவுக்கு இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

முட்டைக்குத் தனிக் கணக்கு. அமெரிக்கச் செய்முறையில் "பெரிய முட்டை" என்றால் ஓடு இல்லாமல் ஏறத்தாழ 50 கிராம். நான்கு என்றால் 200 கிராம். நம் கடை முட்டை அளவில் ஏறி இறங்கும், ஊர்முட்டை நன்றாகவே சிறிது. உடைத்து ஒரு கோப்பையில் விட்டு நிறுத்துப் பாருங்கள். குறைந்தால் இன்னொன்றை உடைத்து, அடித்து, தேவையானதை மட்டும் விடலாம்.

7. கரண்டிகள்

தேக்கரண்டி 5 மி.லீ. மேசைக்கரண்டி 15 மி.லீ. ஆனால் அவுஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மி.லீ. மச்சாள் "ஒரு மேசைக்கரண்டி பேக்கிங் பவுடர்" என்று எழுதினால் அது நான்கு தேக்கரண்டி, மற்ற நாடுகளில் மூன்று. எண்ணெயில் இந்த வித்தியாசம் தெரியாது, பேக்கிங் பவுடரில் தெரியும்.

தேத்தண்ணி கலக்கும் கரண்டியைத் தேக்கரண்டி என்று எண்ணாதீர்கள். சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து அதில் விட்டுப் பாருங்கள். மூன்று மி.லீ. கொள்ளும் கரண்டியும் உண்டு, ஏழு கொள்ளும் கரண்டியும் உண்டு. செய்முறையில் கரண்டி என்றால் வேறு சொல்லாதவரை வழித்த கரண்டிதான், கும்பமல்ல.

தூள் உப்பு ஒரு தேக்கரண்டி 6 கிராம் வரும். கல்லுப்பை அதே கரண்டியால் அளந்தால் இடைவெளி விழுந்து குறையும், ஆகவே பேக்கிங்குக்குத் தூள் உப்பையே எடுங்கள்.

8. அம்மம்மாவின் கொப்பி

இறாத்தல் 454 கிராம், அவுன்ஸ் 28 கிராம். பாண் இன்னமும் இறாத்தல் கணக்கில்தான் பேச்சில் இருக்கிறது, "ஒரு இறாத்தல் பாண்" என்று கேட்டு 450 கிராம் வாங்குகிறோம். கொப்பியில் உள்ளதை மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரே மாதிரி மட்டப்படுத்துங்கள். இறாத்தலை 450 என்று எடுத்தால் அரை இறாத்தல் 225, கால் இறாத்தல் 112. பட்டருக்கு 500 என்று கூட்டியும், அவுன்ஸில் இருக்கும் ரவைக்கு 25 என்று குறைத்தும் எழுதினால் லவ் கேக் எண்ணெய் கக்கும்.

பெரிய பொறி அவுன்ஸில் இருக்கிறது. எடை அவுன்ஸ் வேறு, திரவ அவுன்ஸ் வேறு. அமெரிக்கக் கப் ஒன்று 8 திரவ அவுன்ஸ். அதைப் படித்துவிட்டு "8 அவுன்ஸ் மா என்றால் ஒரு கப்" என்று போட்டுவிடுகிறார்கள். 8 அவுன்ஸ் மா 227 கிராம், கிட்டத்தட்ட இரண்டு கப். நம் பழைய கொப்பிகள் பிரித்தானிய வழியில் வந்தவை, ஆகவே பைந்து என்று கண்டால் 568 மி.லீ. என்று எடுங்கள். அமெரிக்கப் பைந்து 473 தான்.

எண்ணெய், பால் கணக்கில் "போத்தல்" என்று வந்தால் 750 மி.லீ. தேங்காய் எண்ணெய் ஒரு போத்தல் 690 கிராம். கடையில் விலை கேட்கும்போது லீற்றருக்கா, போத்தலுக்கா, கிலோவுக்கா என்று கேளுங்கள். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் ஒரு லீற்றரைவிட ஏறத்தாழ 87 மி.லீ. கூடுதல். மாதம் முழுக்க வாங்குபவருக்கு இது காசு.

9. அளவு சரி, பொருள் சரியா?

வெளிநாட்டுச் செய்முறையில் "பிரவுண் சுகர், அமத்தி ஒரு கப்" என்று வரும். அது ஈரப்பிடிப்பான, மணல்போல் ஒட்டும் சீனி, அமத்தினால் அமெரிக்கக் கப்புக்கு 220 கிராம். நம் கடைச் சிவப்புச் சீனி உலர்ந்த கற்கண்டுத் துகள், எவ்வளவு அமத்தினாலும் அமராது. கப்பால் அளந்தால் குறையும். 220 கிராம் நிறுத்துப் போடுங்கள். ஈரப்பதம் கொஞ்சம் குறைவாகத்தான் வரும், ஒரு கரண்டி பாணி விட்டால் சமாளிக்கலாம்.

இந்தியக் காணொளியில் மைதா என்றால் நம் கோதுமை மா. அவர்கள் கோதுமை மாவு என்றால் நம் ஆட்டா மா. சர்க்கரை என்று அவர்கள் போடுவது பெரும்பாலும் சீனி.

தேங்காய்ப்பூவைக் கப்பால் அளப்பதை விட்டுவிடுங்கள். அமத்தும் கையைப் பொறுத்து ஒரு கப் 85 கிராமும் ஆகும், 120 கிராமும் ஆகும். அப்புறம் "ஒரு கப் கஜு, நறுக்கியது" என்பதும் "நறுக்கிய கஜு ஒரு கப்" என்பதும் வேறு. முழுக் கஜு இடைவெளி விட்டு நிற்கும், நறுக்கியது அடைந்து நிற்கும். "ஒரு கப் சோறு" என்று வந்தால் அரிசியைக் கப்பால் அள்ளிவிடாதீர்கள், அரிசி வெந்தால் மூன்று மடங்குவரை பெருகும்.

10. விற்பதற்குச் செய்பவர்களுக்கு

வீட்டிலிருந்து கேக், பலகாரம் விற்பவர்கள் எங்களூரில் இப்போது நிறைய. உங்கள் 2,000 ரூபாய்த் தராசு சமையலுக்கு மட்டுமே. எடை சொல்லி விற்றால் முத்திரை பதித்த வியாபாரத் தராசு வேண்டும். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின்படி இதைப் பார்ப்பது அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம். முத்திரையை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். எங்கே, எப்போது பதிக்கிறார்கள், கட்டணம் எவ்வளவு என்பதை மாவட்டச் செயலகத்தில் கேளுங்கள். தராசு வாங்கிய பற்றுச்சீட்டையும் முத்திரைச் சான்றிதழையும் ஒரே கோப்பில் வையுங்கள், பரிசோதகர் வந்தால் தேட வேண்டியதில்லை. பக்கற் பண்ணி விற்றால் தேறிய எடையைக் கிராமில் லேபிளில் போட வேண்டும். "ஒரு சுண்டு முறுக்கு" என்று போட முடியாது.

கேக் ஓடர் எடுக்கும்போது "ஒரு கிலோ" என்றால் எது ஒரு கிலோ என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஐசிங் சேர்த்தா, சேர்க்காமலா? கலவை ஓவனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு எடை இழக்கும். ஒரு கிலோ வெறும் கேக் வேண்டுமென்றால் 1,100 கிராமுக்குச் சற்று மேலே கலவை தகரத்தில் இருக்க வேண்டும், கோப்பையில் ஒட்டி மிஞ்சுவது அதற்கு வெளியே. பேசியதை வாட்ஸ்அப்பில் எழுத்திலும் அனுப்பிவிடுங்கள். கொடுக்கும்போது கேக் பலகையையும் பெட்டியையும் முதலில் தராசில் வைத்து, ரெயர் அழுத்திவிட்டு, அதன் பிறகு கேக்கை ஏற்றி நிறுங்கள். தடித்த பலகையின் எடையையும் கேக்கின் கணக்கில் சேர்த்தால் வாங்குபவர் வீட்டுக்குப் போய் நிறுத்துப் பார்ப்பார்.